குளோரியும் பன்னிரண்டாவது பூச்சட்டியும்

தக்கலைச் சந்தையில் குளோரியிடம் மீன் வாங்கி ஏமாந்தேன் என்று சொல்கிறவர் ஒருவரும் கிடையாது. கடலோர ஊரான இனயத்திலிருந்து தினமும் டெம்போவில் வந்து இறங்குவாள். முப்பது வருட வியாபாரம். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், வயிற்றை அமுக்க வேண்டாம். நாலடி தள்ளி நின்றே, இது இன்று காலையில் கரைக்கு வந்தது, இது மூன்று நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரே ஒரு பூச்சட்டி பதினோரு மாதம் போட்டு ஆட்டிவிட்டது. ஒரு மனுஷி ஒரு செடியை வைத்துக்கொண்டு இவ்வளவு குழம்புவாளா என்று கேட்காதீர்கள். குழம்பினாள்.

சட்டி அவளுடையது இல்லை, மருமகள் ரெஜிஷாவுடையது. மகன் சிஜோ குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணமான எட்டாம் மாதம் ரெஜிஷாவுக்கும் அங்கேயே நர்ஸ் வேலை கிடைத்தது. ஜனவரியில் கிளம்பும்போது வாசலில் பன்னிரண்டு பூச்சட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். பதினொன்று சும்மா ஆசைக்கு வளர்த்தவை: குரோட்டன்ஸ், ஆந்தூரியம், ரெண்டு ரோஜா, பெயர் தெரியாத சில இலைச்செடிகள். பன்னிரண்டாவதில் இருந்தது பிச்சிப்பூக் கொடி.

அந்தப் பிச்சி ரெஜிஷாவின் அம்மா வீட்டுக் கொடியில் ஒடித்து வைத்தது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன்காரன் வீட்டை விற்றான், வாங்கியவன் முற்றம் முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டான், தாய்க்கொடி அதோடு போயிற்று. ஆக, அந்த அம்மா கைபட்டது என்று உலகத்தில் மிச்சம் இருந்தது இந்த முழங்கை உயரச் செடி ஒன்றுதான். கிளம்புகிற அன்று ரெஜிஷா மாமியாரைக் கட்டிப்பிடித்தாள், ஆனால் கண்ணீர் விடவில்லை. சட்டியைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தபோதுதான் அழுதாள்.

"மாமி, இத மட்டும் பாத்துக்கிடுங்க. எனக்க அம்மா இதுக்கு மீன் கழுவுன தண்ணிதான் விடுவா. அதான் அப்படிப் பூக்கும்."

"நீ பேசாமப் போ மக்கா. நான் இருக்கேன்லா."

குளோரிக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு பொறாமை எழுந்தது உண்மை. செத்துப்போன சம்பந்திக்காரியிடம் போட்டி போட முடியுமா? ஆனால் அன்றே ஒரு தீர்மானம் செய்தாள். அந்தப் பெண் திரும்பி வரும்போது செடி கூரைவரை ஏறி நிற்க வேண்டும். தன் அம்மா பார்த்ததைவிட மாமி நன்றாகப் பார்த்திருக்கிறாள் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். தவிர, செடி பட்டுப்போனால் என்ன நினைப்பாள்? வேண்டுமென்றே விட்டுவிட்டாள் கிழவி என்றுதானே நினைப்பாள். எட்டு மாதப் பழக்கத்தில் அவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

அதனால் பிச்சிக்கு ராஜ உபசாரம். மத்தியானம் சந்தையிலிருந்து வந்ததும் வீட்டுக்கு எடுத்துவைத்த மீனைக் கல்லுப்புப் போட்டு உரசி, வழுவழுப்புப் போக மூன்று தண்ணீரில் கழுவுவாள். முதல் தண்ணீர்தான் சாரம் உள்ளது, அது பிச்சிக்கு. மற்ற இரண்டும் கொல்லையில் நிற்கும் தென்னைக்கும் முருங்கைக்கும், எப்போதும்போல. மீதிப் பதினொரு சட்டிகளுக்கு ஞாபகம் வந்தால் ஓஸ் பைப்பைப் பிடித்து ஒரு வீச்சு, அவ்வளவுதான்.

மார்ச் கடைசியில் பிச்சியின் இலை ஓரம் தீய்ந்தது. நெருப்புப் பட்டதுபோல நுனி கருகி, ஓரமெல்லாம் பழுப்பு. வெயில், தாகம் என்று குளோரி முடிவு கட்டினாள். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி பைப்புத் தண்ணீர் ஊற்றினாள். மத்தியானம் மீன்தண்ணீர் வழக்கம்போல. பத்து நாளில் இலைகள் தொங்கிப்போயின. இன்னொரு வாளி கூட்டினாள். அப்புறம் மஞ்சளித்தன.

ஒரு கொப்பை ஒடித்துக் கவரில் போட்டுத் தக்கலைக்குக் கொண்டுபோனாள். சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, திருவனந்தபுரம் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் குமாரதாஸ் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவன். பேச்சு கம்மி, செடி விஷயத்தில் கைதேர்ந்தவன்.

"தண்ணி கூடிப்போச்சுக்கா. வேரு மூச்சு முட்டுது," என்றான்.

"தொங்கிக் கெடக்கே தம்பி. தாகம்னாத்தான தொங்கும்?"

"தாகத்துக்கும் தொங்கும், தண்ணி கூடினாலும் தொங்கும். ரெண்டும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

குளோரிக்குக் கோபம் வந்தது. கெட்ட மீனும் நல்ல மீனும் பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்று அவள் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பிழைக்க முடியுமா? "பின்னே எப்படிக் கண்டுபிடிக்க?"

"விரல மண்ணுக்குள்ள ரெண்டு கணு விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா ஊத்தாதீங்க. காஞ்சிருந்தா ஊத்துங்க. ஒரு பத்து நாளைக்குத் தண்ணிய நிறுத்துங்க."

வீட்டுக்கு வந்து விரலை விட்டாள். சில்லென்று இருந்தது. மறுநாள் விட்டாள், சில்லென்றுதான் இருந்தது. நாலாம் நாளும் அப்படியே. அப்போதுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்து, அடுப்பங்கரையில் அரிசி டின்னுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அரிசியும் சில்லென்று இருந்தது. முப்பது வருடம் ஐஸில் ஊறிய விரல். அதற்கு எல்லாமே ஈரம்தான்.

அடுத்த வீட்டு மரியஜானைக் கூப்பிட்டு, அவள் விரலை மண்ணுக்குள் விடச் சொன்னாள். மரியஜான் நகம் பார்த்துப் பார்த்து வளர்ப்பவள், முகத்தைச் சுளித்துக்கொண்டே விட்டாள்.

"ஏட்டி, இது காஞ்சி கெடக்கு. குடிக்கப் பச்ச வெள்ளம் ஒரு துள்ளி இல்லாம பாவத்தக் கொல்லுதியே."

"குமாரதாசு ஊத்தாதங்கான்."

"அவன் செடி விக்கியவன். இது பட்டாத்தான அவனுக்கு இன்னொண்ணு விக்கலாம். இல்லேன்னா கண்ணுதான் பட்டிருக்கு. வாசல்ல வச்சா பின்னே என்ன?"

கணவன் சிலுவையிடம் கேட்டாள். தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற ஆள். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதில் மூன்று நாள் தூங்குவார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "செடிதான. பட்டா வேற ஒண்ணு வாங்கி வை."

இப்படியாக அவள் தலை சுற்ற ஆரம்பித்தது. ஒரு நாள் குமாரதாஸ் பேச்சைக் கேட்டு நிறுத்துவாள். மறுநாள் மரியஜான் முகம் ஞாபகம் வந்து இரண்டு வாளி ஊற்றுவாள். அதற்கு மறுநாள் ஊற்றியதற்காக வருத்தப்படுவாள். ராத்திரி படுத்தால் ஜெபமாலையில் பாதி வழியில் பிச்சி வந்து நிற்கும். ஊற்றினேனா, ஊற்றலையா, ஊற்றியிருக்கணுமா? சந்தையில் முதன்முறையாக ஒரு வாடிக்கைக்காரிக்கு அயலைக்குப் பதில் சாளையைப் போட்டுக் கொடுத்தாள்.

ஒன்று மட்டும் அவள் நிறுத்தவில்லை, மீன்தண்ணீர். நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. குமாரதாஸ் நிறுத்தச் சொன்னது தண்ணீரை. மீன் கழுவியது தண்ணீரா? அது சோறு. சீக்காகிக் கிடக்கிற பிள்ளைக்கு யாராவது சோற்றை நிறுத்துவார்களா? இன்னும் கொஞ்சம் சாரமாக இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டியின் அடியில் தேங்கியதையும் சேர்த்து ஊற்றினாள். இனயத்தில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் கூடாதே என்று பயந்து பிச்சியை மட்டும் தூக்கிக் கொல்லையில் தகரக் கூரை போட்ட சாய்ப்புக்கு உள்ளே வைத்தாள். மற்ற பதினொன்றும் முற்றத்தில் கிடந்து நனைந்தன. சொன்னால் வயிறு எரியும்: கவனிப்பாரில்லாமல் கிடந்த அந்தப் பதினொன்றும் தளதளவென்று வளர்ந்தன. ஆந்தூரியம் நாலு பூ விட்டது. பிச்சியில் ஏழு இலை மிச்சம்.

"உங்களுக்கெல்லாம் நான் என்ன செஞ்சேன், இதுக்கு என்ன செய்யல்ல?" என்று குளோரி ஒருநாள் ரோஜாவைப் பார்த்துக் கேட்டாள். கேள்வி சரியான கேள்விதான், பதில்தான் அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெஜிஷா வீடியோவில் வருவாள். செடிகளைக் காட்டச் சொல்வாள். குளோரி போனைத் தூக்கிக்கொண்டு நடந்து, குரோட்டன்ஸைக் காட்டி, ஆந்தூரியத்தைக் காட்டி, பிச்சி இருந்த இடம் வருவதற்குள் "சிக்னல் போச்சு மக்கா" என்று வைத்துவிடுவாள். எத்தனை ஞாயிறு சிக்னல் போகும்? ஜூலையில் ஏழு இலை மூன்றானது. அன்றுதான் சிலுவை தூக்கத்தில் சொன்னது அவளுக்கு யோசனையாகத் தோன்றியது. குமாரதாஸிடம் போய் அதே உயரத்தில், அதேபோல ஒரு பிச்சி வாங்கினாள். ரெஜிஷா சட்டியில் சிவப்புப் பெயின்டில் ஒரு சிலுவைக் குறி இருக்கும். வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பெயின்டில் புதுச் சட்டியிலும் ஒன்று போட்டாள். வயசான காலத்தில் கள்ளத்தனம் பழகுகிறோமே என்று அவமானமாக இருந்தது.

புதுச்செடி ஆகஸ்டில் பூத்தது. ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். ரெஜிஷா அசையாமல் பூவையும் மொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் உறைந்துவிட்டதோ என்று குளோரி போனை ஆட்டினாள்.

"கொள்ளாம் மாமி, நல்லாருக்கு," என்றாள் ரெஜிஷா. "அம்மாக்க பூ போலவே இருக்கு. உங்களுக்கு நல்ல கைராசி."

அந்த வார்த்தைக்காகத்தான் குளோரி எட்டு மாதம் பாடுபட்டாள். கிடைத்தபோது போனை அவசரமாக ஆந்தூரியத்தின் பக்கம் திருப்பினாள். அந்த மாதம் சர்ச்சில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னாள். சாமியார் பொறுமையாகக் கேட்டு, "என்ன செடி?" என்றார். பிச்சி என்றாள். "உண்மையச் சொல்லிருங்க," என்றார். சொல்வதற்கு அவருக்கென்ன, குவைத்தில் இருந்து அழப்போவது அவரா?

பழைய செடியை அவள் தூக்கிப் போடவில்லை, மனசு வரவில்லை. கடைசி மூன்று இலையும் போய் வெறும் குச்சியாகச் சாய்ப்புக்குள் நின்றது. செப்டம்பரில் ஒரு வாரம் நல்ல வெயில். குளோரி சாய்ப்புக்கு வெளியே சாக்கு விரித்து உப்பிட்ட நெத்திலி காயப்போட்டாள். சாயங்காலம் நெத்திலியை வழித்து எடுத்தபின் சாக்கைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தலையைத் திருப்பிப் பிச்சிச் சட்டியைப் பார்த்தாள். மண்ணின் மேலேயும் அதே வெள்ளை.

அந்த வெள்ளையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். பூஞ்சை என்று மரியஜான் சொன்னாள், சுண்ணாம்பு என்று சிலுவை சொன்னார். விரலால் வழித்தாள். விரலை நம்ப முடியாது, நாக்கை நம்பலாம். நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அப்படியே சாய்ப்புத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செடி விஷயம் அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் உப்பு விஷயத்தில் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மீனில் உப்பைப் போட்டால் மீனுக்குள் இருக்கிற தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிடும். அப்படித்தானே கருவாடு ஆகிறது. வேருக்கும் அதைத்தானே செய்திருக்கும்? மண் நனைந்திருக்கிறது, செடி குடிக்க முடியாமல் தாகத்தில் காய்ந்திருக்கிறது. குமாரதாஸ் சொன்னதும் சரி, மரியஜான் சொன்னதும் சரி. ரெஜிஷாவின் அம்மா ஊற்றியது தரையில் நின்ற கொடிக்கு, மழை வந்து உப்பை அடித்துக்கொண்டு போயிருக்கும். இவள் ஊற்றியது ஒரு சாண் சட்டிக்குள். அதையும் மழைபடாமல் தூக்கி உள்ளே வைத்தாள். பாசத்தோடு, தினம் தினம், ஒரு செடியைக் கருவாடு போட்டிருக்கிறாள்.

மறுநாள் குமாரதாஸிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கையிலிருந்த மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான்.

"மீன்தண்ணியா? உப்புப் போட்டுக் கழுவுனதா? அக்கா, இத நீங்க ஏப்ரல்லயே சொல்லப்பிடாதா?"

"நீ தண்ணிய நிறுத்துன்னு சொன்ன. நிறுத்திப் பாத்தேன். மீன்தண்ணி விட்டியளான்னு கேக்கல்லியே."

குச்சியை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னான். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பைப்புத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி, அடி ஓட்டை வழியாக உப்பெல்லாம் கழுவிப் போகும்வரை விட வேண்டும். அப்புறம் நிழலில் வைத்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்தில் சுரண்டினாள். ஒரு நகம் அகலத்துக்குப் பச்சை. குளோரி அழுதாள், அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, குடம் குடமாக ஊற்றினாள். அடியில் வடிந்ததைக் கையில் ஏந்தி நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்பு. இன்னொரு குடம். மரியஜான் மதில்மேல் எட்டிப் பார்த்து, இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்து, தலையை இழுத்துக்கொண்டாள். பதினோராவது குடத்தில் வடிந்த தண்ணீர் சப்பென்று இருந்தது.

அக்டோபர் முழுக்க ஒன்றும் இல்லை. நவம்பரில் பாதி போனது, அப்போதும் ஒன்றும் இல்லை. விரல் உதவாது என்று ஒரு விளக்குமாற்றுக் குச்சியை மண்ணில் குத்தி, எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பாள். உதட்டுக்கு ஈரம் தெரிந்தது. கார்த்திகை மழை நின்ற ஒரு காலையில் அடிக்கணுவில் அரிசி அளவுக்கு ஒரு பச்சை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமசுக்கு நாலு நாள் இருக்கும்போது ரெஜிஷா லீவில் வந்தாள். சிஜோவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டியை உள்ளே வைத்ததும் வாசலுக்கு வந்து, புதுப்பிச்சியின் முன்னால் நின்று ஒரு மொட்டைத் திருப்பிப் பார்த்தாள். குளோரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மக்கா, கொல்லைக்கு வா. உனக்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சாய்ப்புக்குள் பழைய சட்டியின் முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். வாளிக் கணக்கு, அரிசி டின்னுக்குள் விட்ட விரல், சிக்னல் பொய், சிவப்புப் பெயின்ட், நாக்கில் பட்ட உப்பு. 'மீன்தண்ணி விடச் சொன்னது நீதான்' என்கிற ஒரு வரி நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். குச்சியில் இப்போது நாலு இலை இருந்தது, நாலும் சேர்த்தால் ஒரு கட்டைவிரல் அளவு.

ரெஜிஷா குத்தவைத்து உட்கார்ந்தாள். இலையைத் தொடவில்லை, பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மாமி."

"என்ன தெரியும்?"

"வாசல்ல நிக்குது வேற செடின்னு. எனக்க அம்மாக்க பிச்சியில மொட்டுக்கு முதுகுல செவப்பா ஒரு கோடு இருக்கும். நீங்க காட்டுனது முழு வெள்ள. ஆகஸ்ட்லயே தெரிஞ்சு போச்சு. அம்மாக்க செடி பட்டுப்போச்சுன்னு அன்னைக்கே அழுது முடிச்சேன்."

குளோரி மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். நாலு மாதமாகத் தான் இவளை ஏமாற்றுகிறோம் என்று வெந்துகொண்டிருந்தாளே, அப்படியானால் ஏமாந்தது யார்?

"பின்னே ஏன் மக்கா ஒண்ணும் கேக்கல்ல? கைராசின்னு வேற சொன்னியே."

"என்னத்தக் கேக்க? நான் அழப்பிடாதுன்னு, நீங்க செடி தேடி வாங்கி, சட்டியில சிலுவை எல்லாம் வரைஞ்சு வச்சிருக்கிய. அந்தச் சிலுவையும் கோணல். அம்மா செத்தப்பெறவு எனக்காக ஒருத்தரும் இவ்வளவு பாடு பட்டதில்ல. அதக் கெடுக்க மனசு வரல்ல." மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மீன்தண்ணி விடச் சொன்னதும் நாந்தான மாமி."

"நீ சொன்ன. ஊத்துனது நான்," என்றாள் குளோரி. அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். இந்தத் தடவை ரெஜிஷா பிடித்துக்கொண்டது சட்டியை இல்லை.

சாயங்காலம் குளோரி மருமகளுக்குப் பிடித்த விளைமீனை உப்புப் போட்டு உரசிக் கழுவினாள். முதல் தண்ணீர்ச் சட்டியை ரெஜிஷா வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள். சாய்ப்பைத் தாண்டும்போது ஒரு சொட்டும் சிந்தாமல் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிச்சியைச் சுற்றி ஒரு பெரிய வட்டமாக விலகிப் போய், தென்னை அடிமூட்டில் ஊற்றினாள்.